ஜூன் 24: கவியரசும் மெல்லிசை மன்னரும் பிறந்த நாள்

கோலாலம்பூர், ஜூன் 24 – கவியரசு கண்ணதாசன் பிறந்தது ஜூன் 24. மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன் பிறந்ததும் ஜூன் 24. ஒருவர் சொல் கொடுத்தார். மற்றவர் இசை கொடுத்தார். இருவரும் சேர்ந்து தந்த பாடல்கள் கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் கடைவீதிகளில் இன்றும் ஒலிக்கின்றன. திருமண மண்டபம், கோயில் திருவிழா, இறப்பு வீடு என நம்மவர் வாழ்வின் ஒவ்வொரு கட்டத்துக்கும் அவற்றில் ஒரு பாட்டு இருக்கிறது.

ஆனால் பாட்டு ஒலிக்கும்போது அதை எழுதியவர் யார், இசையமைத்தவர் யார் என்று கேட்டால், இளையோர் பலருக்குப் பதில் தெரிவதில்லை. பாடியவர் பெயர் தெரியும். திரையில் வாயசைத்த நடிகர் பெயர் அதைவிட நன்றாகத் தெரியும். இந்த நாளின் வரலாற்றை நினைவுபடுத்திக்கொள்ள அதுவே போதுமான காரணம்.

ஒரே தேதி, ஒரே ஆண்டு அல்ல

இருவரும் ஒரே நாளில், ஒரே ஆண்டில் பிறந்தவர்கள் என்ற தகவல் ஒவ்வோர் ஆண்டும் புலனத்தில் வலம் வரும். அதில் பாதிதான் சரி. கண்ணதாசன் பிறந்தது 1927-ஆம் ஆண்டு ஜூன் 24. விஸ்வநாதன் பிறந்தது 1928-ஆம் ஆண்டு ஜூன் 24. இருவருக்கும் இடையே சரியாக ஓராண்டு இடைவெளி.

இந்தத் தேதி தமிழருக்கு மட்டும் உரியதன்று. இந்துஸ்தானி இசை மேதை ஓம்கார்நாத் தாக்கூர் 1897-ஆம் ஆண்டு இதே நாளில் குஜராத்தில் பிறந்தார். இங்கிலாந்தின் புகழ்பெற்ற கிட்டார் கலைஞர் ஜெஃப் பெக் 1944-லும், ஃபிளீட்வுட் மேக் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் மிக் ஃபிளீட்வுட் 1947-லும் ஜூன் 24 அன்று பிறந்தவர்களே.

ஜூன் மாதம் முழுவதுமே தமிழ்த் திரையிசைக்கு நெருக்கமானது. எஸ்.பி.பாலசுப்பிரமணியம் பிறந்தது 1946 ஜூன் 4. நம் நாட்டில் பிறந்து, தமிழகம் சென்று புகழ் பெற்ற மலேசியா வாசுதேவன் பிறந்தது 1944 ஜூன் 15. இளையராஜா பிறந்தது ஜூன் 3. அது கலைஞர் கருணாநிதியின் பிறந்த நாள் என்பதால் அவர் தம் பிறந்த நாளை ஒரு நாள் முன்னதாக ஜூன் 2 அன்று கொண்டாடுகிறார்.

இருந்தாலும் ஜூன் 24-க்குத் தனி இடம் உண்டு. அன்று பிறந்த இருவரும் ஒரே அறையில் அமர்ந்து, ஒரே பாட்டைச் சேர்ந்து உருவாக்கியவர்கள்.

இரு ஊர்கள், இரு பாதைகள்

கண்ணதாசனின் இயற்பெயர் முத்தையா. காரைக்குடிக்கு அருகிலுள்ள சிறுகூடல்பட்டியில் சாத்தப்பன் – விசாலாட்சி தம்பதியரின் எட்டாவது பிள்ளை. எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்குச் செல்லவில்லை. இதழ்களில் பணியாற்றியும் அரசியல் மேடைகளில் பேசியும் வளர்ந்தவர். அவர் முதன்முதலில் பாட்டெழுதிய படம் 1949-ல் வெளிவந்த 'கன்னியின் காதலி'. ஜூபிடர் நிறுவனம் தயாரித்த படம் அது.

விஸ்வநாதன் பாலக்காட்டுக்கு அருகிலுள்ள எலப்புள்ளியில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்து தாத்தாவின் ஆதரவில் வளர்ந்தார். கண்ணூரில் நீலகண்ட பாகவதரிடம் இசை கற்றார். நடிகராக வேண்டும் என்ற ஆசையோடு சினிமாவுக்கு வந்தவருக்கு முதலில் கிடைத்தது சிறு சிறு வேலைகள்தான். பிறகு எஸ்.எம்.சுப்பையா நாயுடு, சி.ஆர்.சுப்பராமன் ஆகிய இசையமைப்பாளர்களின் குழுக்களில் உதவியாளராக உயர்ந்தார்.

சுப்பராமன் குழுவில் வயலின் வாசித்தவர் திருச்சியைச் சேர்ந்த டி.கே.ராமமூர்த்தி. 1952-ல் சுப்பராமன் இளம் வயதிலேயே மறைந்தபோது, 'தேவதாஸ்' உள்ளிட்ட படங்களில் எஞ்சியிருந்த வேலையை விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் சேர்ந்து முடித்தார்கள். விஸ்வநாதன்–ராமமூர்த்தி என்ற இரட்டையர் உருவானது அப்படித்தான்.

அதே 1952-ல் கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் இந்த இரட்டையர் இசையமைப்பாளர்களாக அறிமுகமானார்கள். படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன். கண்ணதாசனும் அதில் பாடல் எழுதினார். ஜூன் 24-இல் பிறந்த இருவரின் கூட்டு தொடங்கிய படம் அது. 1958-ல் கண்ணதாசனே தயாரித்த 'மாலையிட்ட மங்கை' படத்துக்கும் இந்த இரட்டையரே இசை.

1961-ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டாலே போதும். 'பாவமன்னிப்பு', 'பாசமலர்', 'பாலும் பழமும்' ஆகிய மூன்றும் அந்த ஓராண்டில் வெளிவந்தவை. மூன்றிலும் நடிகர் திலகம் சிவாஜி கணேசன் நாயகன். மூன்றையும் இயக்கியவர் ஏ.பீம்சிங், மூன்றுக்கும் பாடல்கள் கண்ணதாசன், மூன்றுக்கும் இசை விஸ்வநாதன்–ராமமூர்த்தி. 1963-ல் இரட்டையருக்கு 'மெல்லிசை மன்னர்கள்' என்ற பட்டம் வழங்கப்பட்டது. 1964-ல் 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'புதிய பறவை' என ஒன்றுக்கொன்று தொடர்பில்லாத மூன்று வகை இசையை அதே கூட்டணி தந்தது. புராணக் கதைக்கு வடஇந்திய இசையின் சாயல், நகைச்சுவைப் படத்துக்கு மேற்கத்தியத் துள்ளல், மர்மப் படத்துக்குப் பெரும் வாத்தியக்குழு. சிங்கப்பூரிலிருந்து கப்பலில் ஊர் திரும்பும் செல்வந்தரின் கதையான 'புதிய பறவை' நம் பக்கத்து ரசிகர்களுக்கு இன்னும் நெருக்கமானது.

1965-ல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு இரட்டையர் பிரிந்தார்கள். அதன்பின் விஸ்வநாதன் தனித்து இசையமைத்தார். கண்ணதாசனுடனான கூட்டு அதற்குப் பிறகும் தொடர்ந்தது. சிங்கப்பூரில் படமான, 1979-ல் வெளிவந்த 'நினைத்தாலே இனிக்கும்' அந்தக் கூட்டின் பிற்காலப் பெருவெற்றி.

மெட்டுக்குப் பாட்டு எழுதுவது எப்படி?

திரைப்பாடல் இரண்டு வழிகளில் பிறக்கும். பாட்டை முதலில் எழுதி அதற்கு இசையமைப்பது ஒன்று. மெட்டை முதலில் போட்டு அதற்குள் சொற்களைப் பொருத்துவது மற்றொன்று. 'திரை இசைத் திலகம்' கே.வி.மகாதேவன் பெரும்பாலும் முதல் வழியைப் பின்பற்றினார். விஸ்வநாதன் இரண்டு வழிகளிலும் வேலை செய்தவர். மெட்டுக்கு எழுத வைப்பதில் தனிப் பெயர் எடுத்தவர்.

இயக்குநர் கதையின் கட்டத்தைச் சொல்வார். விஸ்வநாதன் ஆர்மோனியத்தில் ஒரு மெட்டை வாசித்து, 'தன தான' என்று தத்தகாரம் பாடுவார். அந்தத் தத்தகாரத்தில்தான் கவிஞருக்கான கட்டளை இருக்கிறது. 'தனதன தானா' என்பதை எடுத்துக்கொள்வோம். முதல் நான்கும் குறில், கடைசி இரண்டும் நெடில். அதற்கு 'வருகிற நாளா' என்று எழுதினால் கச்சிதமாகப் பொருந்தும். 'வந்த நாளா' என்று எழுதினால் மெட்டு நொண்டும். இந்த அளவுக்குள் நின்றுகொண்டு, பொருளும் கெடாமல், கதாபாத்திரத்தின் மனநிலையும் மாறாமல், கேட்டவுடன் புரிகிற தமிழில் எழுத வேண்டும்.

கண்ணதாசன் பெரும்பாலும் தம் கையால் எழுதவில்லை. அவர் சொல்லச் சொல்ல உதவியாளர் எழுதிக்கொள்வார். அண்ணன் மகன் பஞ்சு அருணாசலமும், இராம.கண்ணப்பனும் அந்தப் பணியைச் செய்தவர்கள். வாய்விட்டுச் சொல்லப்பட்டதால்தான் அந்தப் பாடல்கள் பேச்சின் ஓட்டத்தில் அமைந்தன. சித்தர் பாடல், கம்பன், திருக்குறள், பட்டினத்தார் என அவர் படித்ததெல்லாம் எளிய சொல்லாக மாறி வந்தது. பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவருக்கும் பாட்டு புரிந்தது.

பாட்டின் நீளத்துக்கும் ஓர் எல்லை இருந்தது. நிமிடத்துக்கு 78 சுற்று சுழலும் அன்றைய இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் ஏறத்தாழ மூன்று நிமிடம்தான் பதிவு செய்ய முடியும். நீண்ட பாடல்களை இரண்டு பக்கங்களாகப் பிரித்து வெளியிட்டார்கள். பல்லவி, ஒன்றிரண்டு சரணம், இடையிசை எல்லாம் அந்தச் சில நிமிடங்களுக்குள் அடங்க வேண்டும். சொல் சிக்கனமாக இருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

கப்பல் வழியே, காற்று வழியே

அந்தக் காலத்தில் சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் துறைமுகங்களோடு இணைத்தவை 'ரஜூலா', 'ஸ்டேட் ஆஃப் மெட்ராஸ்' போன்ற கப்பல்கள். 1972-ல் போர்ட் கிள்ளான் என்று பெயர் மாறிய அந்தத் துறைமுகத்தில் இறங்கித்தான் கிள்ளான் வட்டாரத் தமிழர் பலர் இந்த மண்ணில் கால் வைத்தார்கள்.

பாட்டு பரவியதற்கு வானொலி பெரும் காரணம். 1946-ல் தொடங்கிய ரேடியோ மலாயா மலாய், ஆங்கிலம், சீனம், தமிழ் ஆகிய மொழிகளில் ஒலிபரப்பியது. அதன் தமிழ்ப் பிரிவே பிறகு வானொலி 6 ஆகி, இன்று மின்னல் எஃப்எம் என்ற பெயரில் ஒலிக்கிறது. பெரட்டுக்குப் போய், பால்மரம் வெட்டி வீடு திரும்பியவருக்கு லயத்தில் இருந்த ஒரு வானொலிப் பெட்டியே போதும். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் பாட்டுக் கேட்கும். நேயர் விருப்பத்துக்கு அஞ்சலட்டை எழுதிப் போட்டு, தம் பெயர் காற்றில் வருமா என்று காத்திருந்த தலைமுறை அது.

தோட்டத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவதும் உண்டு. பாய் விரித்து உட்கார்ந்து பார்த்தவர்களுக்குப் படத்தின் பாட்டு மறுநாளே மனப்பாடம். கோலாலம்பூரில் துவாங்கு அப்துல் ரஹ்மான் சாலையிலுள்ள கொலிசியம் போன்ற அரங்குகள் நகரத் தமிழரின் சந்திப்பு இடங்களாக இருந்தன.

இந்தப் பாடல்கள் இங்கே இவ்வளவு ஆழமாகப் பதிந்ததற்கு மக்களின் நிலையும் காரணம். 1950-களின் பிற்பகுதியில் பெரிய தோட்டங்கள் துண்டாடப்பட்டு விற்கப்பட்டன. வேலையும் வீடும் ஒரே நேரத்தில் பறிபோகும் அச்சம் சூழ்ந்தது. அதற்கு மாற்றாகத்தான் துன் சம்பந்தன் 1960-ல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பிறகு குடியுரிமை இல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, 1960-களின் இறுதியில் பல்லாயிரக்கணக்கானோர் இந்தியாவுக்குக் கப்பல் ஏறினார்கள். அண்ணன் இங்கே, தம்பி அங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன.

அண்ணன்–தங்கைப் பாசம், பிரிவு, விதி, மனத்தைத் தேற்றிக்கொள்ளுதல் ஆகியவை கண்ணதாசன் திரும்பத் திரும்பத் தொட்ட பொருள்கள். மதராஸில் வேறொரு கதைக்காக எழுதப்பட்டாலும், அவற்றைக் கேட்டவர்களுக்கு அது தங்கள் சொந்தக் கதையாக இருந்தது. இறப்பு வீடுகளில் இன்றும் அந்தப் பாடல்கள் ஒலிப்பது அதனால்தான்.

பெயர் விடுபடும் இடம்

அன்றைய வானொலியில் ஒரு நல்ல மரபு இருந்தது. பாட்டை ஒலிபரப்பும் முன் படத்தின் பெயர், பாடியவர், இயற்றியவர், இசையமைத்தவர் என நான்கையும் அறிவிப்பாளர் சொல்வார். நாள்தோறும் கேட்டவருக்கு அது ஒரு பாடம் போலவே பதிந்தது. கையெழுத்துப் போடத் தெரியாத பாட்டிகூட எந்தப் பாட்டு யார் எழுதியது என்று சொல்வார்.

ஒலிநாடா வந்தது, குறுந்தட்டு வந்தது, இன்று கைப்பேசி. திரையில் தெரிவது பாட்டின் முதல் சொற்களும் படத்தின் சுவரொட்டியும் பாடகர் பெயரும்தான். எழுதியவர் பெயர் பல வேளைகளில் இருப்பதில்லை. இருந்தாலும் தேடித்தான் பார்க்க வேண்டும்.

இதனால் குழப்பமும் நேர்கிறது. பழைய நல்ல பாட்டு எதைக் கேட்டாலும் 'கண்ணதாசன்' என்று சொல்லிவிடும் வழக்கம் ஒன்று. 1964-ல் வெளிவந்த 'சர்வர் சுந்தரம்' படத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தையே காட்டும் ஒரு பாடல் காட்சி உண்டு. டி.எம்.சௌந்தரராஜன் பாட, விஸ்வநாதனே திரையில் தோன்றி இசைக்குழுவை நடத்துவார். அந்தப் பாட்டை எழுதியவர் கவிஞர் வாலி. அதேபோல, 1965 வரையிலான பாடல்களுக்கு 'இசை எம்.எஸ்.வி.' என்று மட்டும் சொன்னால் ராமமூர்த்தி விடுபட்டுப் போகிறார். பதின்மூன்று ஆண்டு உழைப்பில் பாதி அவருடையது.

விருதுகளிலும் இந்த ஏற்றத்தாழ்வைப் பார்க்கலாம். இந்திய அரசு சிறந்த பாடலாசிரியருக்கான தேசிய விருதை முதன்முதலாக வழங்கியபோது அதைப் பெற்றவர் கண்ணதாசன். படம் 1968-ல் வெளிவந்த 'குழந்தைக்காக'. அந்தப் படத்துக்கு இசை விஸ்வநாதன். 'சேரமான் காதலி' நாவலுக்காக 1980-ல் கண்ணதாசனுக்குச் சாகித்திய அகாதெமி விருதும் கிடைத்தது. விஸ்வநாதனுக்கோ இசைக்கான தேசிய விருது கடைசிவரை கிடைக்கவில்லை. பத்ம விருதும் இல்லை. தமிழக அரசு 2012-ல் விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் ஒரே மேடையில் அழைத்து 'திரை இசைச் சக்கரவர்த்தி' பட்டம் வழங்கியது. அடுத்த ஆண்டே ராமமூர்த்தி மறைந்தார்.

தமிழகத்தில் அரசு விழாக்களில் பாடப்படும் தமிழ்த்தாய் வாழ்த்துக்கு மோகன ராகத்தில் இசையமைத்தவர் விஸ்வநாதன். மனோன்மணியம் சுந்தரம் பிள்ளையின் அந்தப் பாடலைத் தினம் பாடும் மாணவர்களில் எத்தனை பேருக்கு இந்த விவரம் தெரியும்?

தொடர்ச்சி

1976-ல் 'அன்னக்கிளி' படத்தின் மூலம் இளையராஜாவை அறிமுகப்படுத்தியவர் பஞ்சு அருணாசலம். கண்ணதாசன் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருந்த அதே உதவியாளர்தான் அடுத்த யுகத்துக்குக் கதவு திறந்தார். அதற்கு அடுத்த ஆண்டு '16 வயதினிலே' மூலம் நம் நாட்டு வாசுதேவனின் குரல் தமிழகம் எங்கும் பரவியது.

கண்ணதாசன் 1981 அக்டோபர் 17 அன்று அமெரிக்காவின் சிகாகோ நகரில் காலமானார். அப்போது வயது 54. அவர் கடைசியாக எழுதிய திரைப்பாடலாக அறியப்படுவது, மறு ஆண்டில் வெளிவந்த 'மூன்றாம் பிறை' படத்தில் இளையராஜா இசையில் இடம்பெற்றது. விஸ்வநாதன் 2015 ஜூலை 14 அன்று சென்னையில் காலமானார். 87 வயது நிறைந்து மூன்று வாரமே ஆகியிருந்தது.

இங்கே செய்யக்கூடியது

கோலாலம்பூரில் கண்ணதாசனுக்கு விழா எடுக்கும் வழக்கம் நீண்ட காலமாக உண்டு. அதற்கு அப்பால், பணம் செலவாகாத சில வேலைகளும் இருக்கின்றன.

திருமண விருந்திலும் கராவோக்கே மேடையிலும் பழைய பாட்டைப் பாடுபவர், பாடும் முன் எழுதியவர் பெயரையும் இசையமைத்தவர் பெயரையும் ஒரு வரியில் சொல்லலாம். தமிழ்ப்பள்ளிகளில் நடக்கும் பாட்டுப் போட்டிகளில் மாணவர் அந்த விவரத்தோடு மேடையேறுவதை விதியாக்கலாம். கோயில் திருவிழாக்களில் ஒலிபெருக்கிப் பொறுப்பில் இருப்பவர்கள் பழைய வானொலி மரபை மீண்டும் கொண்டு வரலாம்.

இன்னொன்று வீட்டிலேயே செய்யக்கூடியது. தோட்டங்கள் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயத்தில் வானொலி கேட்டு வளர்ந்தவர்கள் எழுபதையும் எண்பதையும் கடந்துவிட்டார்கள். எந்தப் பாட்டை எங்கே கேட்டார்கள், எந்தப் படத்தை எந்தத் திடலில் பார்த்தார்கள், எந்தப் பாட்டு அவர்களுக்கு யாரை நினைவூட்டுகிறது என்று தாத்தா பாட்டியிடம் கேட்டு, கைப்பேசியில் குரலாகப் பதிந்து வைக்கலாம். மலேசியத் தமிழரின் இசை வரலாறு பெரும்பாலும் எழுதப்படாமல் அவர்கள் நினைவில்தான் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கிக்கொள்ள இன்றைய நாள் பொருத்தமான நாள்.